வலிக்குக் கரண்டு வைக்கலாமா?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் பிசியோதெரபி பிரிவினர் வழங்கிய உரை)



எங்களுக்குத் தந்த தலைப்பு "வலி நீக்கும் நவீனக் கருவிகள்" என்பது. நவீனம் என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கருவியையே கையோடு கொண்டுவந்துவிட்டோம். இதோ, சட்டைப்பையில் அடங்கிவிடும் ஒரு பெட்டி. உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஒன்று. வெளியே இரண்டு வயர்கள், அவற்றின் நுனியில் நான்கு ஒட்டுப்பட்டைகள். இவ்வளவுதான். தோலின் வழியாக நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலியைத் தணிக்கும் முறை இது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "டென்ஸ்" என்கிறார்கள். எங்கள் வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கரண்டு வைக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

சென்ற ஆண்டு உங்களில் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தீர்கள்: "வலியால் அவதிப்படுகிறவர்களுக்கு இந்தக் கருவி நல்லது என்று கேள்விப்பட்டோம். இன்னும் எத்தனை வேண்டும்? வாங்கி அனுப்புகிறோம்." அன்போடு கேட்ட கேள்வி. அதற்கு நேர்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பதில் ஒரு வரியில் அடங்காது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்களிடம் வந்த ஓர் அக்காவிலிருந்து தொடங்குகிறோம். பீடி சுற்றுகிறவர்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் கூலி குறையும். அந்த அக்காவுக்குப் பிடரியிலிருந்து தோள்வரை வலி. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. கழுத்தை ஒரு பக்கம் திருப்பவே முடியவில்லை. பயிற்சி சொல்லிக் கொடுக்கத் தொட்டாலே "ஐயோ" என்று கையைத் தட்டிவிடுவார்கள்.

கருவியை எடுத்ததும் அவர்கள் கேட்ட கேள்வி: "ஏம்மா சிஸ்டர், கரண்டு வச்சா ஆளு செத்துராதா?"

சிரிக்க வேண்டாம். வீட்டில் மாவு ஆட்டும்போது ஷாக் அடித்து யாரோ ஒருவர் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு மின்சாரம் என்றால் அதுதான். எங்களில் ஒருவர் பட்டையைத் தம்முடைய கையில் ஒட்டிக்கொண்டு, கருவியைப் போட்டுக் காட்டினோம். "இது சுவரிலிருந்து வர்ற கரண்டு இல்லக்கா, பேட்டரி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். கூட்டுனா, கால் மரத்துப்போய்த் திரும்ப உணர்ச்சி வரும்போது சுருசுருன்னு இருக்குமே, அப்படி இருக்கும். வலிச்சா நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திருவோம்." அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்கள். தோளில் பூசியிருந்த தைலத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்தோம் (எண்ணெய் இருந்தால் பட்டை ஒட்டாது). வலியிருந்த இடத்தைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டினோம். நொடிக்கு நூறு துடிப்பு அளவில் வைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வலி எடுக்கக் கூடாது, ஆனால் நன்றாக உறைக்க வேண்டும். பயந்துகொண்டு லேசாக வைத்தால் பயன் இராது.

அரை மணி நேரம் கழித்து அந்த அக்கா கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார்கள். வலி போய்விட்டதா என்று கேட்டோம். "போகல, ஆனா தள்ளி நிக்கி" என்றார்கள். இந்தக் கருவியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

வலி ஏன் தள்ளி நிற்கிறது? குழந்தை விழுந்து முழங்காலில் அடிபட்டால் தாய் என்ன செய்கிறாள்? தேய்த்துவிடுகிறாள். தேய்த்தால் குழந்தையின் அழுகை அடங்குகிறது. உலகத்தில் எந்தத் தாய்க்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. இது ஏன் பலிக்கிறது என்பதற்கு 1965-ல் இரண்டு பேர் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவர் கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்டு மெல்சாக். மற்றவர் இங்கிலாந்து நரம்பியலாளர் பேட்ரிக் வால். தொடுதலையும் தேய்த்தலையும் கொண்டுபோகிற நரம்பிழைகள் தடித்தவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகிறவை மெல்லியவை. நின்று நிலைக்கும் மந்த வலியைச் சுமக்கும் இழைகளில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. நாம் நடக்கிற வேகம்தான். இரண்டும் தண்டுவடத்தில் வந்து சேருகின்றன. அங்கே ஒரு வாசல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் அவர்கள். தடித்த இழைகளில் செய்தி நிறைய வந்தால் அந்த வாசல் ஒருக்களித்துக்கொள்ளும். மெல்லிய இழைகளின் செய்தி மூளைக்கு முழுதாகப் போகாது. அந்த வாசலைப் பற்றி அவர்கள் வரைந்து காட்டிய படத்தில் சில பகுதிகள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆனாலும் வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேரே இழுத்த மணிக்கயிறு அல்ல, வழியிலேயே கூடவும் குறையவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967-ல், வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளிடம் போவதற்கு முன்பு தங்கள் முகத்து நரம்பிலேயே மின்சாரம் செலுத்திப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகே எட்டு நோயாளிகளுக்குச் செய்தார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவோம்: உன் கையில் வைத்துப் பார்க்காத கரண்டை அடுத்தவர் கையில் வைக்காதே. சட்டைப்பைக் கருவிகள் 1970-களில் வந்தன.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், மூளையே அபின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டார்கள். நொடிக்கு இரண்டு மூன்று துடிப்பு என்று மெதுவாக, தசை துடிக்கும்படி கருவியை வைத்தால் உடம்பு தன் கைவசமுள்ள அந்த மருந்தை அவிழ்க்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒரே அளவில் தினமும் வைத்துக்கொண்டே போனால் சில நாட்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், பலன் குறையும். வீட்டில் கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் "முதல் வாரம் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை, மிஷின் கெட்டுவிட்டது" என்று கொண்டுவருவதற்குப் பாதி காரணம் இதுதான். மிஷின் கெடவில்லை.

இந்த வைத்தியம் புதியதல்ல என்று சொன்னோம் அல்லவா? ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், கால் வாதத்துக்கு ஒரு வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார். கடற்கரை ஈரமணலில், உயிரோடிருக்கும் மின்சாரத் திருக்கை மீன்மேல் காலை வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டுமாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் சகோதரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். வலையில் மின்சாரத் திருக்கை விழுந்தால் கை என்ன பாடுபடும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அதைவிட நம் சபையார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஐயர், 1756-ல் கையால் சுற்றும் மின்சார இயந்திரம் ஒன்றை வாங்கினார். மருத்துவருக்குப் பணம் கொடுக்க முடியாத லண்டன் ஏழைகளுக்கு இலவசமாகக் கரண்டு வைக்க ஏற்பாடு செய்தார். கூட்டம் தாங்காமல் நகரத்தில் பல இடங்களில் நாள் குறித்துச் செய்ய வேண்டியதாயிற்று. 1760-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அந்த இயந்திரம் இன்றும் லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. ஆக, ஏழைக்குக் கரண்டு வைக்கிற ஊழியத்தில் நமக்கு முன்னோடி இருக்கிறார். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐயர் அவர்கள் அந்த இயந்திரத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்தார். காது கேளாமையிலிருந்து கண் பார்வைவரை அதன் கணக்கில் எழுதினார். ஏழைகள்மேல் இருந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருவியின் கணக்கில்தான் பிசகு. நாங்களும் அதே தவறில் விழக்கூடியவர்கள்தான்.

ஆகவே கருவியின் கணக்கைப் பார்ப்போம். 1990-ல் அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 145 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு உண்மையான கருவி. சிலருக்கு விளக்கு மட்டும் எரியும், கரண்டு வராத போலிக் கருவி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மட்டும் வலி குறைந்திருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் ஆய்வு முடிந்ததும் பயிற்சியை விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பலனும் போய்விட்டது. (இது அமெரிக்கர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் நோயாளிகளும் வீட்டுக்குப் போனதும் அப்படித்தான். எங்களில் இடுப்புவலி உள்ளவர்களும் அப்படித்தான்.) 2016-ல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல், இடுப்புவலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பிரசவ வலிக்கும், வலி நன்றாகப் பிடித்த பிறகு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அதே நாட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு மனம் சோர்ந்துவிட வேண்டாம். 2022-ல் உலகமெங்கும் செய்யப்பட்ட 381 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கெடுத்திருந்தார்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது, போலிக் கருவியைவிட நன்றாகவே குறைகிறது, ஆபத்தான விளைவுகள் எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று சொல்லமாட்டோம். அந்த ஆய்வுகளில் பல சிறியவை. 2019-ல் இன்னொரு குழு இதே பொருளைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட வலி விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கையை விரித்தது. எங்கள் அறையில் நாங்கள் காண்பது இவற்றோடு ஒத்துப்போகிறது. ஓடும்போது வலி தணியும். நிறுத்தினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மாதக் கணக்கில் வலியை விரட்டிவிடாது.

அப்படியானால் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அன்பானவர்களே, நாங்கள் இங்கே வந்தது இதைச் சொல்லத்தான்.

ஒரு பெரியவர். பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இரண்டு மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. விலா முறிவுக்குக் கட்டுப்போட முடியாது. தானாகத்தான் கூட வேண்டும். அதற்குள் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வலிக்கு அஞ்சி ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார்கள், இருமமாட்டார்கள். சளி அடியில் தங்கும். வயதானவர்களுக்கு அது நிமோனியாவாக மாறிவிடும். அந்தப் பெரியவர் இருமல் வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வார். மருத்துவர் கொடுத்த வலி மருந்தோடு சேர்த்து, முறிவுக்கு மேலும் கீழுமாகப் பட்டைகளை ஒட்டினோம். கால் மணி நேரம் கழித்து ஒரு தலையணையை மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, "இப்ப இருமுங்க ஐயா" என்றோம். இருமினார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சளி வந்தது. எங்கள் உதவியாளர் தம்பி அந்தக் கிண்ணத்தைப் பொன்னைப் போல ஏந்திக்கொண்டு போனதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நாளைக்கு நான்கு தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்டு வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டால் அவர் அப்படியே தூங்கிவிடுவார். தூங்குவதும் நல்லதுதான், ஆனால் சளி வராது.

பீடி சுற்றும் அக்காவுக்கும் இதே கதைதான். வலி தள்ளி நின்ற அந்த நேரத்தில் கழுத்தைத் திருப்பவும் தோளை உருட்டவும் சொல்லிக் கொடுத்தோம். பிறகு எங்களில் ஒருவர் அவர்கள் வீட்டுக்கே போனோம். சுளகை மடியில் வைக்காமல் ஒரு மணைப்பலகையின் மேல் உயர்த்தி வைத்துப் பார்த்தோம். முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொன்னோம். கட்டுக்கட்டாகப் பீடி கட்டும்போது இத்தனை கட்டுக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். கூலி போகிறதே என்று முதலில் முறைத்தார்கள். இப்போது வலி முழுதாகப் போய்விட்டதா? இல்லை. அந்தத் தொழில் இருக்கும்வரை முழுதாகப் போகாது. இரவு தூங்குகிறார்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கை மேலே போகிறது. கருவி இப்போது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கம் நடந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். தொடக்கக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தோம். ஒரு வயதான தாயார் "உறைக்கல, உறைக்கல" என்று சொல்லச் சொல்லக் கூட்டிக்கொண்டே போனோம். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சியே இல்லை. பட்டையை எடுத்துப் பார்த்தால் தோல் சிவந்து கன்றியிருந்தது. ஆறிவிட்டது, தேவனுக்கு நன்றி. ஆனால் அது எங்கள் கவனக்குறைவு. அன்றிலிருந்து பஞ்சும் ஊசிமுனையும் வைத்து, "மென்மையா, கூர்மையா" என்று கண்ணை மூடச் சொல்லிக் கேட்காமல் எவருக்கும் கரண்டு வைப்பதில்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் வைப்பதே இல்லை. அங்கே எரிச்சலும் குடைச்சலும் இருந்தால், அதற்கு மேலே உணர்ச்சி இருக்கும் பகுதியில் வைப்போம்.

இது தொழுநோயாளிகளிடம் மிகவும் முக்கியம். கூட்டு மருந்துகளால் கிருமி செத்துவிடுகிறது. ஆனால் கெட்டுப்போன நரம்பு திரும்புவதில்லை. பாதம் மரத்திருக்கும், அதே பாதம் எரியவும் செய்யும். கேட்பவர்களுக்கு நம்ப முடியாது, ஆனால் உண்மை. இங்கே டாக்டர் பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் தேய்ந்துபோகின்றன என்று எடுத்துக் காட்டியவர். 1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிறகு அவர் ஒரு முயற்சி செய்தார். நாங்கள் செய்வதற்கு நேர் எதிரான முயற்சி. வலி தெரியாதவர்களுக்குச் செயற்கையாக வலியை உண்டாக்கிக் கொடுப்பது! கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்து வந்தால் ஒலி எழும்படி செய்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் ஷாக் அடிக்கும்படி செய்தார். அப்போதும், வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அணைக்க முடிகிற வலி காவல் காக்காது என்று கண்டு அவர் அந்த முயற்சியை விட்டுவிட்டார். 1993-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இதையெல்லாம் மனம்விட்டு எழுதியிருக்கிறார்.

நாங்கள் கையில் வைத்திருப்பதும் ஒரு சுவிட்சுதான் என்பதால் இதைச் சொல்கிறோம். ஒரு தம்பி, கொத்தனார் வேலை செய்கிறவர், முதுகுவலிக்கென்று டவுனில் ஒரு கடையில் கருவி வாங்கி மூன்று மாதம் தானாகவே வைத்துக்கொண்டிருந்தார். வைத்தால் கேட்கும், வேலைக்குப் போவார். சாயங்காலம் காய்ச்சல் வந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. எடை குறைந்ததை வெயிலில் வேலை செய்ததால் என்று நினைத்துக்கொண்டார். எங்களிடம் வரும்போது கால்கள் தளர ஆரம்பித்திருந்தன. படம் எடுத்தால் முதுகெலும்பில் காசநோய். நல்லவேளை, மருந்துக்குக் கட்டுப்படுகிற நிலையில் இருந்தது. பல மாதங்கள் மருந்து சாப்பிட்டு இன்று நடக்கிறார். அந்த மூன்று மாதமும் அவருடைய முதுகு "என்னைப் பார், என்னைப் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கருவி அந்தச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தது.

ஆகையால் எங்கள் விதி: காரணம் தெரியாத வலிக்குக் கரண்டு இல்லை. முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். அதேபோல் புற்றுநோய் முற்றிய நோயாளியின் வலிக்கு இதை வைத்துக் காலம் தள்ளக் கூடாது. அவர்களுக்குத் தேவை மார்பின். அதைப் பெறுவதில் இருந்த கெடுபிடிகளைத் தளர்த்த 2014-ல் நாட்டின் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. மார்பின் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பட்டையை நீட்டுவது இரக்கம் ஆகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம்: எத்தனை கருவி வேண்டும்?

உங்களில் ஒரு சபையார் சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறு கருவிகள் அனுப்பினீர்கள். ஜெபித்துப் பெற்றுக்கொண்டோம், புகைப்படமும் எடுத்தோம், இதே மடலில் வெளியிட்டோம். இன்று அவற்றில் இரண்டு ஓடுகின்றன. நான்கு அலமாரியில் இருக்கின்றன. பெட்டிகள் பழுதாகவில்லை. வயர்கள் நுனியில் அறுந்துபோயின. ஒட்டுப்பட்டைகள் தீர்ந்துபோயின. வியர்வை, எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்தால் நம் ஊரில் பட்டையின் பசை சீக்கிரம் போய்விடும். ஒருவருக்கு ஒட்டியதை இன்னொருவருக்கு ஒட்டவும் கூடாது. கொஞ்ச காலம் பழைய முறைப்படி கறுப்பு ரப்பர் பட்டைகளில் ஜெல் தடவி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிச் சமாளித்தோம். இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவர்கள் மனம் நோகுமே என்று எழுதாமல் விட்டோம். அது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கருவி வேண்டாம். இருக்கிற ஆறும் போதும். அவற்றுக்கு வயர்களும், ஆண்டு முழுவதற்கும் பட்டைகளும் ஜெல்லும் வேண்டும். அதைவிட முக்கியமாக, நாங்கள் கேட்பது ஒரு ஆள். பிசியோதெரபி படித்த ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் சம்பளம். விலா முறிந்த பெரியவரின் பக்கத்தில் தலையணையோடு உட்காரவும், பீடி சுற்றுகிற வீடுகளுக்கு பஸ்ஸில் போய்வரவும், பஞ்சும் ஊசியும் வைத்து நிதானமாகச் சோதிக்கவும் ஒரு ஆள். சம்பளத்தைப் புகைப்படம் எடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். கருவியின்மேல் சபையின் பெயரை எழுதி ஒட்டலாம். ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்ட முடியாது. இருந்தாலும் கேட்கிறோம். முடிந்தவர்கள் இரண்டு மூன்று சபைகளாகச் சேர்ந்து தாங்கலாம். அலுவலகத்தில் படிவம் வைத்திருக்கிறோம்.

உரை இத்துடன் முடிகிறது. கரண்டு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்னே வாருங்கள். முன்கையில் ஐந்து நிமிடம் வைத்துக் காட்டுகிறோம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளும், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தயவுசெய்து இருக்கையிலேயே இருங்கள். அவர்களுக்கு முதலில் தேநீர் வரும். மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். தைலம் பூசியிருந்தால் வெளியே குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறோம்.